எங்கள் வீட்டுப் பீடத்தில் ஓர் இத்தாலிய நடிகர்

போன வாரம் இந்தப் பகுதியில் எழுதிய, நான் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, "விழுந்ததை எழுதினீங்க, தூக்கி விட்டது யாருன்னு எழுதலையே" என்று கேட்டாள் என் மனைவி ஞானம். தூக்கி விட்டது அவள்தான். எழுதிவிட்டேன். இந்த வாரமும் ஒரு விழுந்த கதைதான். இதில் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருச்சி பாலக்கரை வீட்டில் நான் பூகோளப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மாட்னி பார்க்கப் போயிருந்த எங்கள் மகன் இன்னாசி வந்தான். அப்போது பதினாறு வயது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக வீட்டுப் பீடத்தின் முன் போய் நின்றான்.

பீடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுவரில் அடித்த ஒரு பலகை. அதன்மேல் மாதா சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, கண்ணாடி போட்ட புனித ஆரோக்கியநாதர் படம். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் எல்லாம் இருப்பதுதான். இன்னாசி அந்தப் படத்தை உற்றுப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்பா, நம்ம ஆரோக்கியநாதர் ஸ்கூட்டர் ஓட்டுறார்."

"என்னடா உளறுற?"

"சத்தியமாப்பா. பின்னால ஒரு பொண்ணு. அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

"நாய்?" என்றேன். படத்தில் புனிதரின் காலடியில் ஒரு நாய் உண்டு. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"நாய் இல்லப்பா. பொண்ணுதான்."

அடுப்படியிலிருந்து ஞானம் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு எப்படி, லட்சணமா இருந்துச்சா?" அவளுக்கு எதிலும் விவரம் வேண்டும்.

என் கையிலிருந்த பேனா தாள்மேல் விழுந்து, யாரோ ஒரு பையன் வரைந்த ஆப்பிரிக்காவில் சிவப்பு மையில் ஒரு புது ஏரி உண்டாயிற்று. நான் அப்படிக் கலங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் படத்தில் இருந்தவருக்கு நான் இன்னாசியைக் கொடுத்திருந்தேன்.

வேட்டித் திரையில் வந்தவர்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில், எங்கள் கோயில் மைதானத்தில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே வேட்டியைக் கட்டிப் படம் காட்டினார்கள். ஒரு வெளிநாட்டுச் சாமியார் ஊர் ஊராக ஒரு புரொஜெக்டரைச் சுமந்துகொண்டு வந்தார். அந்த இயந்திரம் சூடாகும் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. முறுக்கேறிய கயிறு கருகுவது போல.

இத்தாலியில் எடுத்த படம். கொள்ளைநோய் வந்த ஊர்களில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தானும் நோய் வாங்கிக் காட்டில் கிடந்தபோது, ஒரு நாய் தினமும் ரொட்டி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றியதே, அந்த ஆரோக்கியநாதரின் சரித்திரம். பேச்சு முழுக்க இத்தாலி மொழி. கோயிலில் வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார் மைக்கைப் பிடித்துத் தமிழில் விளக்கினார். அவருக்கு இத்தாலி மொழி தெரியாது. ஆகவே புனிதர் ஒரு வார்த்தை பேசினால் இவர் ஒரு பிரசங்கம் வைத்தார். புனிதர் நீளமாகப் பேசினால், "செபிக்கிறார்" என்று முடித்துவிட்டார்.

ஆனால் அந்த முகத்துக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒட்டிய கன்னம். குழிக்குள் இருந்து எரியும் கண்கள். சட்டை கிழிந்த இடத்தில் எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. நாய் ரொட்டியைக் கவ்விக்கொண்டு வந்ததும் அவர் அதை வாங்கினார் பாருங்கள், விரல்கள் நடுங்கின. ரொட்டியை உடனே தின்னவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பூசையில் தரும் நற்கருணை அப்பத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. பக்கத்து வீட்டுச் சலேத்தம்மாள், "தபசுன்னா இதுல்ல தபசு!" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

படத்தோடு விளம்பரத் தாள்கள் வந்திருந்தன. கோயில் வாசலில் படங்களுக்குக் கண்ணாடி போட்டு விற்பவர் அதில் ஒன்றை வாங்கி, புனிதரையும் காலடி நாயையும் மட்டும் வண்ணத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தார். அதுவரை எங்களிடம் இருந்த ஆரோக்கியநாதர் படத்தில் புனிதருக்கு மாம்பழக் கன்னம். நாயைப் பார்த்தால் ஆட்டுக்குட்டி. புதுப் படம் வந்ததும் பழையவர் பரணுக்குப் போனார். பாலக்கரையில் எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. பங்குச் சாமியாரும் எல்லாப் படங்களுக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார்.

படத்தின் அடியில் ரோமன் எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஓர்லாந்தோ பிவெத்தி. அந்தக் காலத்தில் பூசை லத்தீனில் நடக்கும். ஆங்கிலம் அல்லாத ரோமன் எழுத்தெல்லாம் எங்களுக்கு லத்தீன். லத்தீன் எல்லாம் செபம். இத்தாலி பூட்ஸ் வடிவத்தில் இருக்கும் என்று வருஷா வருஷம் கற்றுக் கொடுக்கிற எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. உபதேசியார் வாசித்துக் காட்ட, சலேத்தம்மாள் அதை மனப்பாடம் செய்துகொண்டார். சாயங்காலச் செபத்தில் புனிதர்களின் மன்றாட்டு முடிந்ததும், கடைசியாக உரக்க, "ஓர்லாந்தோ பிவெத்தி!" என்பார். நாங்கள் எல்லோரும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். பால் பல் விழுந்த வாயோடு இன்னாசியும் சொல்வான்.

உமக்கே

அவனுக்கு ஆறு வயதானபோது விஷக்காய்ச்சல் வந்தது. நாள்கணக்காக இறங்கவில்லை. டாக்டர் கடைசியாக வந்த நாளில் மருந்துப் பையைத் திறக்காமலே எழுந்து போனார். மறுநாள் விடியற்காலை. ஞானம் பையனின் காலைப் பிடித்தபடியே தரையில் அசந்து கிடந்தாள். தெருவில் பால்காரரின் சைக்கிள் மணி. நான் பீடத்தின் முன் முழங்காலிட்டு அந்தக் கண்களைப் பார்த்தேன்.

"இவனைப் பிழைக்க வையும். உமக்கே கொடுத்துவிடுகிறேன்."

சாமியாராக்கிவிடுகிறேன் என்ற பொருளில்தான் சொன்னேன். அன்று மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. இரண்டு நாளில் கஞ்சி கேட்டான். அதற்கடுத்த நாள் கஞ்சி வேண்டாம், இட்லி வேண்டும் என்று சண்டை போட்டான்.

நேர்ச்சையை ஞானத்திடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"சாமிக்குத்தானே, ஞானம்."

"சுமந்தவ நான், கொடுக்கிறவர் நீங்களா? உங்க சைக்கிளைக் கொடுக்கிறது!"

அவள் முசிறிக்காரி. அந்த ஊர் வாழைக்குலை மாதிரி, ஒரு வார்த்தையை இழுத்தால் கூடவே பத்து வரும். ஆனால் அவளும் அதற்குமேல் தடுக்கவில்லை. பள்ளி இறுதி முடிந்ததும், சாமியாருக்குப் படிக்கும் குருமடத்தில் சேர்ப்பது என்று வீட்டில் தானாகவே முடிவாகிவிட்டது. இன்னாசியிடம் கேட்டால், கடைக்குப் போய்வரச் சொன்னதற்குத் தலையாட்டுவது போல, "சரிப்பா" என்பான்.

இடையில் பத்து வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்காவிட்டால், உயிரைக் கொடுத்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பது என் பயம். பையன் ஒரு முறை தும்மினால் போதும், நான் பீடத்தைப் பார்ப்பேன். "கொஞ்சம் பொறும், இன்னும் எட்டாம் வகுப்புதான் படிக்கிறான்" என்று மனசுக்குள் சொல்வேன்.

அப்படிப்பட்டவர் ஸ்கூட்டர் ஓட்டுகிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்!

காதலர், கொள்ளைக்காரர், அடிமை

"முகம் ஒரே மாதிரி எத்தனையோ பேருக்கு இருக்கும்" என்றேன், மையைத் துடைத்தபடி.

"பேரும் போட்டாங்கப்பா, பெரிய எழுத்துல. ஓர்லாந்தோ பிவெத்தி. பழக்க தோஷத்துல நான் தியேட்டர்லயே 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்லிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்."

ஞானம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கிருந்து வந்த சத்தம் இருமல் என்று நான் நம்ப விரும்பினேன்.

அதன் பிறகு அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிகளில் அவரே வந்துகொண்டிருந்தார். பூசை முடிந்த கையோடு இன்னாசி தியேட்டருக்கு ஓடுவான். ஒரு மனிதரின் வாழ்க்கை திருச்சிக்கு முன்பின்னாக வந்து சேர்ந்தது. முதலில் காதலர். அடுத்து வழிப்பறிக் கொள்ளைக்காரர். பிறகு தொந்தி விழுந்த போலீஸ்காரர். அதற்கும் பிறகு, எண்ணெய் பளபளக்கும் மார்போடு சிங்கத்தைக் கட்டிப் புரளும் ரோமாபுரி அடிமை. தியேட்டர் வாசலில் ஒட்டியிருந்த அந்த அடிமையின் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஞானம், "யார் வீட்டுச் சாப்பாடு இது? இப்படித் தேறிட்டாரே!" என்றாள்.

அவள் விளையாட்டாகக் கேட்டதற்குப் பதில் பிறகு கிடைத்தது. மலைக்கோட்டைப் பக்கம் நடைபாதையில் விற்ற ஒரு பழைய ஆங்கில சினிமாப் பத்திரிகையை இன்னாசி வாங்கி வந்தான். அதில் அவருடைய கதை இருந்தது. பையன் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு வாசித்துக் காட்டினான்.

கடலோர ஊரில் ஒரு மீன்காரர் மகன். யுத்தம் முடிந்த சமயத்தில் வேலையில்லை, வீடில்லை. இலவசக் கஞ்சி ஊற்றும் வரிசையில் தகரக் குவளையோடு நின்றுகொண்டிருந்தார். புனிதர் வேஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த டைரக்டர் ஒருவர், விலா எலும்பு இப்படித் தெரிகிற ஆளை எந்த மேக்கப்காரரும் செய்துவிட முடியாது என்று அந்த வரிசையிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். நாய் கொண்டுவந்த ரொட்டிதான் படப்பிடிப்பில் அவர் கண்ட முதல் சாப்பாடு.

இன்னாசி வாசிப்பதை நிறுத்தினான். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் தபசு என்று கும்பிட்டது அவருடைய பசி.

"அடப்பாவி மனுஷா" என்றாள் ஞானம், படத்தைப் பார்த்து. திட்டுவது போல இல்லை.

வெற்றிலை

விஷயம் தெருவில் பரவியது. சில வீடுகளில் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். "யாரா இருந்தா எனக்கென்ன? என் மூட்டுவலி போனது போனதுதானே?" என்று சலேத்தம்மாள் அசையவில்லை. நான் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாரிடம் ஓடினேன். பையன் குருமடம் போவதா வேண்டாமா என்பது எனக்கு உயிர்ப் பிரச்சினை. நேர்ச்சை போய்ச் சேர்ந்ததா, இல்லையா? சேரவில்லை என்றால் காய்ச்சலை இறக்கியது யார்?

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சிரித்து முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"படம் எதுவானா என்ன வாத்தியாரே, வேண்டுதல் புனிதருக்குப் போயிருக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன். இன்னொருத்தர் வாழ்க்கையை நேர்ந்துக்க உங்களுக்கு உரிமை இல்ல. வெத்திலையை விடுறேன்னு நேர்ந்துக்குங்க. அது உங்களுது. பையன் அவனுக்கா ஆசை வந்தா வரட்டும். உங்க பயத்துக்காக அனுப்பாதீங்க."

அன்று வெற்றிலையை விட்டேன். பயத்தை விட முடியவில்லை.

காவிரிக்கு அக்கரையில்

மனசு கேட்காமல் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். எங்கள் பள்ளியில் கணக்குப் போதிக்கும் வரதாச்சாரி கீழ உத்தர வீதியில் இருந்தார். பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். நான் சொல்லி முடிக்கும்வரை விசிறியை வீசிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கா ஓய் இப்படி வெளிறிப் போயிருக்கீர்? உம்ம சாமி ஸ்கூட்டர்தானே ஓட்டினார்? எங்க பெருமாள் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், பகல்பத்து முடியறப்போ, மோகினியா எழுந்தருளறார். புடவை, ஜடை, நகை, எல்லாம் சாத்திண்டு. ஜனம் நெருக்கியடிச்சுண்டு சேவிக்கறது. ஐயோ, ஏமாத்திட்டார்னு யாராவது அழறாளா?"

"அது சாமி வேஷம் போடுறது சார். இங்க வேஷம் போட்டவருல்ல சாமியாயிட்டார்?"

வரதாச்சாரியின் விசிறி நின்றது. "அது கொஞ்சம் சிக்கல்தான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். "வாரும். அந்த மனுஷனை நேர்லயே ஒரு தடவை சேவிச்சுட்டு வந்துடுவோம்."

அது ஒரு ஞாயிறு. ஓடிக்கொண்டிருந்தது புதிதாக வந்த படம். நாமம் போட்ட ஒருவரும், சட்டைக்குள் சிலுவை போட்ட ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் குரல் மாற்றியிருந்தார்கள். வாய் ஒன்று பேச, வார்த்தை வேறு எங்கிருந்தோ வந்தது. "நம்ம பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரியே" என்றார் வரதாச்சாரி.

பிவெத்தி அதில் கிழவர். டிராம் கண்டக்டர். மகள் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். அவர் சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்க்கிறார். ஒரு பாதியை வாய்க்குக் கொண்டுபோனவர், அதைக் கீழே வைக்கிறார். இரண்டு பாதியையும் துணியில் சுற்றி, மகள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போகிறார். அவ்வளவுதான். வசனமே இல்லை. கன்னம் பெருத்து, முடி நரைத்திருந்தது. ஆனால் ரொட்டியைத் தொடும்போது அந்த விரல்கள் மட்டும் எங்கள் கோயில் மைதானத்தில் பார்த்தவைதாம்.

விளக்குப் போட்டதும் நான் கண்ணைத் துடைத்தேன். வரதாச்சாரி அங்கவஸ்திரத்தால் மூக்கைச் சிந்தினார்.

"உம்ம சாமி நன்னாத்தான் நடிக்கிறார் ஓய்" என்றார்.

நேர்ச்சை நிறைவேறியது

சாமியார் சொன்னதை இன்னாசியிடம் சொன்னேன். குருமடத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்றேன். அவன் வழக்கம்போல "சரிப்பா" என்றான். காலேஜில் சேர்ந்தான். எனக்கு ஒரு வருஷம் நல்ல தூக்கம். பிறகு ஒரு நாள், பூனாவில் நடிப்புச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, இடம் கிடைத்துவிட்டது, போகிறேன் என்றான்.

நான் குதித்தேன். கூத்தாடப் போவதற்கா உன்னைப் பிழைக்க வைத்தேன் என்று கத்தினேன்.

"அப்பா, காய்ச்சல்ல நான் கிடந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"உமக்கே கொடுத்துவிடுகிறேன்னு சொன்னேன்."

"யாரைப் பார்த்துச் சொன்னீங்க?"

பீடத்தைப் பார்த்தேன். ஓர்லாந்தோ பிவெத்தி என்னைப் பார்த்தார்.

"அவர்கிட்டதான் போறேன். நேர்ச்சை நிறைவேறிடும். நீங்க இனிமே பயப்படவே வேண்டாம்."

ஞானம் சிரித்த சிரிப்பு சலேத்தம்மாள் வீடுவரை கேட்டிருக்கும். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இன்னாசியும் சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லலப்பா. அது வெறும் பசின்னு தெரிஞ்ச பிறகும், அந்த ரொட்டியை அவர் வாங்கினதை நினைச்சா எனக்கு அழுகை வருது. அவர் கிழவரா வந்த படத்துலயும் வந்துது. அப்ப அவருக்குப் பசியே இல்ல. அது எப்படிப்பா? அதைத் தெரிஞ்சுக்கணும்."

அதே மேஜையைப் பார்த்து நானும் அழுதவன். பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை நானே இறக்கிக் கொடுத்தேன். ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், எந்தக் கையால் கொடுத்தேனோ அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

புதுப் படம்

போன வாரம் தபாலில் ஒரு புகைப்படம் வந்தது. பூனாப் பள்ளியில் போட்ட நாடகத்தில் எடுத்தது. கிழிந்த சட்டை, வளர்ந்த தாடி, கையில் ஒரு தடி. எங்கள் இன்னாசி. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஞானம் அதை வாங்கி, பீடத்தில் ஆரோக்கியநாதர் படத்தின்மேல் சாய்த்து வைத்தாள்.

சாயங்காலம் செபத்துக்கு வந்த சலேத்தம்மாளுக்கு இப்போது கண் மங்கல். புகைப்படத்தின் அருகே போய், விரல்களால் அதைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டார்.

"இது எந்தப் புனிதர், ஞானம்? புதுசா இருக்கு. முகத்துல என்ன தபசு பாரு!"

"தபசு இல்லக்கா" என்றாள் ஞானம். "பட்டினி. அது நம்ம இன்னாசி."

சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். அரிசி மாவு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. முறுக்கு உரலைத் தேடி உருட்டும் சத்தம் கேட்டது. "எண்ணெய் பத்தாது, வாங்கிட்டு வாங்க" என்று குரல் வந்தது.

நான் உடனே போகவில்லை. இத்தனை வருஷம் எந்தப் பயத்தோடு அந்தப் படத்தைப் பார்த்தேனோ, அந்தப் பயம் வேறு இடத்துக்குப் போயிருந்தது. இவர் என் மகனை எடுத்துக்கொள்வாரோ என்று இப்போது நான் கேட்கவில்லை. அந்த வரிசையில் தகரக் குவளையோடு நின்றபோது உமக்கு யார் கஞ்சி ஊற்றினார்களோ, அப்படி ஒருவர் பூனாவிலும் இருக்கட்டும் என்று கேட்டேன். பசி தெரிந்தவரிடம்தானே இதைக் கேட்க முடியும்?

மெழுகுவர்த்தியை ஏற்றினேன். உண்மை தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சொல்லாமல் விட்டிருந்த பெயரை மெல்லச் சொன்னேன்.

"ஓர்லாந்தோ பிவெத்தி."

சலேத்தம்மாள் வாய் திறக்கும் முன்பே, அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"எங்க பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளும்."